திறந்த கதவைத் தட்டியவர்

திறந்திருக்கிற கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். கதவே இல்லாவிட்டால் நிலையைத் தட்டுவார். வார்டில் வெறும் திரை தொங்குகிற இடமென்றால் இந்தப் பக்கமே நின்று தொண்டையைச் செருமி, "வரலாமா?" என்று கேட்பார். உள்ளே படுத்திருப்பது டேனரியில் தோல் காயவைக்கிற கூலிக்காரியாக இருக்கும். பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"வெறும் ரூமுக்கு எதுக்கு மேடம் தட்டறீங்க? உள்ள அழுக்குத் துணி மூட்டைதான் இருக்கு" என்று என் அக்கா லில்லி ஒருமுறை சிரித்தாள்.

"மூட்டைக்குப் பின்னாடி யாராவது பொண்ணு புடவை மாத்திக்கிட்டு இருந்தா?" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார். நர்ஸுகளுக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லாத காலம் அது. அந்த அறையையும் பிறகு அவர்தான் கேட்டு வாங்கினார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேட்கலாமென்றால் அவர் இல்லை.

எங்களுடையது வேலூரிலிருந்து ஆம்பூர் தாண்டிப் போகிற பெரிய ரோட்டின்மேல் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. எழுபதுகளில் அவர் அங்கே மேட்ரன், அதாவது நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை. நர்ஸ் படிப்புக்கு மேலே பிரசவத்துக்கென்று ஒன்று, ஊர் சுகாதாரத்துக்கென்று ஒன்று என்று இரண்டு படிப்பு படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். நிர்வாகக் கமிட்டி கூடினால் ஒரு மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதுவதும் என் தலையில்தான் விழும். அக்கா அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு வேலை கிடைத்ததே அக்கா அவரிடம் சொல்லி, அவர் போய் ஆபீஸ் கதவைத் தட்டித்தான்.

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மழையோ வெயிலோ கையில் ஒரு கறுப்புக் குடை, ஒல்லியான உடம்பு. டேனரித் தெருக்களில் நடக்கும்போது வெளியூரிலிருந்து வந்த டாக்டர்கள் கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள். அந்த நாற்றத்தில் வளர்ந்த நானே சில நாள் பொத்திக்கொள்வேன். அவர் பொத்தி நான் பார்த்ததில்லை. "நாம மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா அவங்க நம்மகிட்ட எப்படிப்பா வாயைத் திறப்பாங்க?" என்பார்.

அவர் வாயில் ஓயாமல் வருகிற வார்த்தை ஒன்று உண்டு. "கேட்டு வாங்கிக்கலாம்." எதற்கும் அதுதான். வார்டில் நர்ஸுகள் உட்காரக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை, ஆனால் உட்கார ஒரு ஸ்டூலும் கிடையாது. பெண்கள் கால் வீங்கி நின்றார்கள். ஒருத்தி மருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காரப் போக, அவர் பார்த்துவிட்டார். "வேணாம். திருடி உக்காராதே. கேட்டு வாங்கிக்கலாம்" என்றார். அடுத்த கமிட்டியில் கேட்டார். ஸ்டூல் வாங்கலாமா கூடாதா என்று படித்த மனிதர்கள் அரை மணி நேரம் பேசினார்கள். டாக்டர் வரும்போது எழுந்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது. ஸ்டூலுக்குத் தீர்மானம் டைப் அடித்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கமிட்டி என்றாலே ஒரு இளக்காரம். அவருக்கு அப்படியில்லை. நாலு பேர் உட்கார்ந்து, பேசி, சரி என்று சொன்னால் அது நிலைக்கும் என்று மனசார நம்பினார். அவருக்கு முன்னால் இருந்த மேட்ரன்கள் கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது விவரம் தேவைப்பட்டால் உள்ளே கூப்பிடுவார்கள், சொல்லிவிட்டுத் திரும்பவும் வெளியே. இவர் உள்ளே ஒரு நாற்காலி கேட்டார். முதலில் நாற்காலி மட்டும் கொடுத்தார்கள். ஓட்டு கிடையாது. ரொம்ப நாள் கழித்து ஓட்டும் வந்தது. இத்தனை நர்ஸுகளை வைத்து ஓட்டுகிற ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஒரு ஓட்டு வந்தது அன்றைக்குத்தான். மெம்பராக வந்த முதல் நாளும் கதவைத் தட்டிவிட்டு வாசலிலேயே நின்றார். ஆஸ்பத்திரிக்கே தலைமையான பெரிய டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்களும் மெம்பர்தாம்மா! உங்க வீட்டுக் கதவை நீங்களே தட்டுவீங்களா?"

"தட்டுவேன் டாக்டர்" என்றார் அவர். "உள்ள பேசிக்கிட்டு இருக்கறவங்க நிறுத்திக்க ஒரு நிமிஷம் வேணுமில்ல?"

அந்த அடக்கத்துக்குள்ளே எவ்வளவு பிடிவாதம் இருந்தது என்பதை ஒரு டேனரி மேனேஜர்தான் நன்றாகச் சொல்வார். தோல் காயவைக்கிற பெண்கள் கைக்குழந்தையைத் தெருமுனையில் யாரிடமாவது விட்டுவிட்டு வேலைக்கு வருவார்கள். பால் கொடுக்க வழியில்லாமல் மார் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். உள்ளேயே ஒரு கொட்டகை போட்டு, நடுவில் போய்ப் பால் கொடுத்துவர விடவேண்டும் என்று கேட்க அவர் போனார். மேனேஜர் பார்க்க முடியாது என்றார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. வாசல் பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னாம்மா, தினம் வந்து உக்கார்றீங்க? எனக்கு பேஜாரா இருக்கு. ஆபீஸுக்கு வர்றவன்லாம் யாருக்கு சீக்குன்னு கேக்கறான்."

"பர்மிஷன் குடுத்துட்டீங்கன்னா நான் ஏன் சார் வர்றேன்?"

கொட்டகை வந்தது. ஓலைக் கொட்டகைதான், ஆனால் வந்தது. அதன் முதல் குழந்தைகளில் ஒன்றைத் தூக்கி மேனேஜரே கொஞ்சினார் என்று அவர் ஜீப்பில் வரும்போது எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான், அதில் அது ஒன்று.

அக்காவுக்கும் அவருக்கும் தாயும் மகளும் போல ஓர் உறவு, தாயும் மகளும் போலவே சண்டையும். அக்கா படபடவென்று பேசுகிறவள். "இவங்க கேட்டு, அவங்க யோசிச்சு, அதுக்குள்ள எனக்கு ரிட்டையர்மெண்ட் வந்துடும்" என்பாள். ஆனால் அவரைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால் அவர்களை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவாள். அவர் கஞ்சி போடுவது மாதிரியே தன் புடவைக்கும் கஞ்சி போடுவாள்.

டேனரிகளுக்குப் பின்னால் பாலாற்றங்கரை ஓரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளை இருந்தது. இரண்டே அறை. ஒன்றில் பிரசவம். செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் நர்ஸுகள்தான். அக்காவை அங்கே போட்டார்கள். பிரசவம் பார்ப்பதில் அவளுக்கு நல்ல கை. அந்தத் தெருப் பெண்களெல்லாம் லில்லிம்மா, லில்லிம்மா என்று உயிரை விட்டார்கள்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு ரத்தம் நிற்காமல் போகும். அதை நிறுத்த ஓர் ஊசி உண்டு. டாக்டர் எழுதித் தராமல் நர்ஸ் அதைப் போடக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி ரூல். ரூலுக்குக் காரணமும் இருந்தது. முன்பு ஒரு காலத்தில், வயிற்றில் இரண்டாவது குழந்தை இருப்பது தெரியாமல் ஒரு நர்ஸ் அந்த ஊசியைப் போட்டு, அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. பெரிய டாக்டர் அதைக் கண்ணால் பார்த்தவர். டாக்டர் எப்போதும் இருக்கிற பெரிய கட்டடத்தில் அந்த ரூலால் ஒரு தொல்லையும் இல்லை. ஆற்றங்கரைக் கிளையில், டாக்டர் வராத நாளில், அது வேறு விஷயம்.

அதனால் கிளையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசியம் இருந்தது. ரத்தம் ஜாஸ்தியானால் நர்ஸுகள் ஊசியைப் போட்டுவிடுவார்கள். செவ்வாயோ வெள்ளியோ டாக்டர் வரும்போது அவரே எழுதினது மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார்கள். பல வருஷம் அப்படித்தான் ஓடியது. பல பெண்கள் பிழைத்தார்கள்.

இது எங்கள் மேட்ரனுக்குத் தெரிய வந்தது. கோபப்படவில்லை. கிளைக்குப் போய், திறந்திருந்த கதவைத் தட்டி, உள்ளே வந்து, அக்காவையும் இன்னொரு நர்ஸையும் உட்கார வைத்துப் பேசினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா எனக்கு அப்படியே சொன்னாள்.

"லில்லி, நீ செய்யறது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா திருட்டுத்தனமா செய்யற வரைக்கும் இது உன்னோட தைரியம் மட்டும்தான். உனக்கு அப்புறம் வர்ற பொண்ணுக்கு அந்த தைரியம் இல்லன்னா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கையெழுத்துப் போட்ட டாக்டர் உனக்காக வந்து நிப்பாரா? இதை நான் ரூலாவே வாங்கித் தர்றேன். எந்த நர்ஸும் பயப்படாம போடற மாதிரி."

"சரி மேடம். அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் போடாதே. டாக்டரைக் கூப்பிடு. நான் கமிட்டியில கேக்கறப்போ, ஏற்கெனவே கேக்காமத்தான் போட்டுக்கிட்டு இருக்காங்கன்னு யாராவது சொல்லிட்டா, நர்ஸுங்களை நம்ப முடியாதுன்னு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க. கொஞ்ச நாள்தான். எனக்காக."

அக்கா அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள். யார் வாக்குக் கேட்டாலும் கொடுக்கிறவள் அல்ல அவள். கொடுத்தால் மாற மாட்டாள்.

அவர் தயார் செய்து கொண்டுவந்த தீர்மானத்தை நான்தான் டைப் அடித்தேன். ஊசி போடுமுன் வயிற்றைத் தடவிப் பார்த்து இன்னொரு குழந்தை இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பயிற்சி முடித்த நர்ஸுதான் போட வேண்டும். போட்ட உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பெரிய டாக்டரின் பயத்துக்கெல்லாம் அதில் பதில் இருந்தது. அந்தப் பயத்தை மதித்தே எழுதியிருந்தார்.

முதல் கூட்டத்தில் கமிட்டித் தலைவர் வரவில்லை, தள்ளி வைத்தார்கள். அடுத்ததில் ஒரு சின்ன டாக்டர், "இன்னிக்கு ஊசி கேப்பாங்க, நாளைக்கு ஆபரேஷன் கேப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆபரேஷன் கேக்கலை டாக்டர்" என்றார் அவர். "நீங்க வந்து சேர்ற வரைக்கும் அவ உயிரைப் பிடிச்சு வெச்சிருக்கக் கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. ஆனாலும் வக்கீலைக் கேட்கவேண்டும் என்று மறுபடி தள்ளினார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நான் பொறுமையில்லாமல், "இவங்க குடுக்க மாட்டாங்க மேடம்" என்றேன். "வக்கீல் வரைக்கும் போயிட்டாங்கன்னா குடுக்கப் போறாங்கன்னு அர்த்தம்ப்பா" என்றார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

அந்த இடைப்பட்ட காலத்தில்தான் கன்னியம்மாள் வந்தாள். டேனரிக் கொட்டகையில் தன் தலைச்சன் பையனுக்குப் பால் கொடுத்தவள். இது இரண்டாவது. செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. காலையில் வலி எடுத்து, வெயில் ஏறுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. கன்னியம்மாளின் அம்மா வெளியே வந்து தெருவுக்கே சொன்னாள். பிறகுதான் ரத்தம்.

அக்கா வாட்ச்மேனை சைக்கிளில் டேனரிக்கு விரட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள். பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். பாதியில் விட்டுவர முடியாது. சின்ன டாக்டர் ஜீப்பில் கிளம்பினார், ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அதுவரைக்கும் அக்கா கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள், வயிற்றைப் பிடித்து அமுக்கினாள், குழந்தையை மாரில் போட்டாள். ரத்தம் கொஞ்சம் கம்மியானது. அப்பாடா என்று நினைத்தாள். மறுபடி வந்தது.

"ஊசியை ஏத்தி ட்ரேயில வெச்சிருந்தேன்டா" என்று பிறகு எத்தனையோ தடவை என்னிடம் சொன்னாள். "கைக்கெட்டற தூரத்துல. ஒரு கை அவ வயித்துல, கண்ணு ஊசி மேல. ஜீப் சத்தம் கேக்குது, கேக்குதுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கடைசியில் போட்டாள். வாக்கை உடைத்துப் போட்டாள். ஆனால் அதற்குள் கன்னியம்மாளின் உதடு வெளுத்துவிட்டது. ஜீப் வந்து நின்றபோது அவள் அம்மா அலறுகிற சத்தம் டேனரி வரைக்கும் கேட்டது.

மதியம் மேட்ரனும் நானும் போனோம். நடந்ததை எழுதி வர என்னையும் அனுப்பியிருந்தார்கள். கிளம்பும்போது பெரிய டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, "எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம், ஆண்டவர் சித்தம்னு சொல்லுங்க. அதுக்கு மேல எதுவும் பேச வேணாம்" என்றார். பெரிய டாக்டரையும் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பிரசவ அறைக் கதவு திறந்திருந்தது. அவர் தட்டக் கையைத் தூக்கினார். கை அப்படியே நின்றது. அக்கா உள்ளே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க ஆள் இருந்தும் அவளே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஊசி போட்டுட்டேன் மேடம்" என்றாள், நிமிராமல்.

"எப்போ?"

"கடைசியில."

அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கஞ்சி போட்ட அந்த வெள்ளைப் புடவையோடு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்றேன். உள்ளே போவதா வெளியே போவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கன்னியம்மாளின் அம்மா வேப்பமரத்தடியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். அவர் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"லில்லிம்மாவுக்கு அந்த ஊசி போடத் தெரியாதாம்மா?" என்று அந்த அம்மா கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நல்லாத் தெரியும்."

"மருந்து இல்லாம பூட்ச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா அவ்ளோ நேரம் டாக்டருக்காக உக்காந்துக்கினு இருந்தாங்க? எம்மாமியா வூட்டுப் பொண்ணுக்குப் போன வருசம் லில்லிம்மாதான் ஊசி போட்டுக் காப்பாத்திச்சு. அப்ப எந்த டாக்டரும் இல்லியே?"

ஆண்டவர் சித்தம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான்தான் போட வேணாம்னு சொல்லியிருந்தேன்" என்றார் அவர். "கமிட்டியில கேட்டு வாங்கித் தர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொன்னேன். லில்லி மேல தப்பு இல்ல."

கமிட்டி என்றால் என்னவென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நீயும் பொம்பளதானேம்மா" என்றாள். அவ்வளவுதான். குழந்தையின் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே அவசரக் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு கதவு படாரென்று திறந்தது. தட்டவில்லை. நேராக உள்ளே வந்தார், நாற்காலியில் உட்காரவில்லை. பெரிய டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு நர்ஸ் உள்ளே வந்து டாக்டர் எழுந்து நின்றதை நான் முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன். வக்கீல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. டீ வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஒரு வார்த்தை மாறவில்லை. முதல் கூட்டத்தில் அவர் வைத்த அதே தாள்தான்.

மேட்ரனின் விடாமுயற்சிக்குக் கமிட்டி நன்றி தெரிவிக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சாயங்காலம் அவர் என் மேஜைக்கு வந்தார். "அந்த வரியை எடுத்துடுப்பா" என்றார். நான் எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.

உத்தரவைக் கண்ணாடி போட்டு ஆற்றங்கரைக் கிளையின் சுவரில் மாட்டினார்கள். அடுத்து வந்த நர்ஸுகளுக்கு அது சுவரோடு பிறந்தது மாதிரி. ரத்தம் போனால் ஊசி போடுவார்கள், பிறகு சொல்லி அனுப்புவார்கள். ராணிப்பேட்டைப் பக்கம், ஜோலார்பேட்டைப் பக்கமெல்லாம் இருந்த சின்ன ஆஸ்பத்திரிகள் நகல் கேட்டு எழுதின. நான் கார்பன் வைத்து அடித்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். எத்தனை கன்னியம்மாக்கள் அதனால் வீட்டுக்கு நடந்து போனார்களோ, அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. அவர் பிறகு எந்தக் கதவையும் தட்டவில்லை. முன்பு அவரைத் தெரியாதவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. எங்களுக்குத்தான், அவர் நேராக உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் கன்னியம்மாள் ஞாபகம் வரும்.

சென்னையில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அதிகாரிகள், டாக்டர்கள், பல ஊர் மேட்ரன்கள். நானும் கூடப் போனேன். நர்ஸுகளுக்கு இந்த அதிகாரத்தை எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லச் சொன்னார்கள். அவர் தீர்மானத்தைப் பற்றி இரண்டு நிமிஷம்தான் பேசினார். மிச்சம் முழுக்கக் கன்னியம்மாள்.

"ரூலை மாத்தணும்னு நீங்க மேல கேளுங்க. கேட்டுக்கிட்டே இருங்க. ஆனா அது வர்ற வரைக்கும், கீழ நல்லது நடந்துக்கிட்டு இருந்தா அதை நிறுத்தாதீங்க. நான் நிறுத்தினேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு அதிகாரி, "அப்போ ரூலை மீறச் சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமா சார். பொம்பளைக்கு ரத்தம் போறப்போ மீறணும்."

ஒரு ஸ்டூலில் உட்காரக்கூடக் கேட்டு வாங்கினவர் அப்படிச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பி வரும்போது காட்பாடி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "கை தட்டறாங்கப்பா" என்றார் ஒரு தடவை. ஏதோ அடிபட்டவர் சொல்வது மாதிரி இருந்தது.

அக்கா கிளையிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு பெரிய வார்டுக்கு வந்துவிட்டாள். அவரோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எஸ் மேடம், நோ மேடம், அவ்வளவுதான். புடவைக்குக் கஞ்சி போடுவதையும் விட்டுவிட்டாள். வருஷக்கணக்கில் அப்படியே போனது. "அவங்க தப்பை அவங்க ஒத்துக்கிட்டாங்களேக்கா" என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அவங்க ஒத்துக்கிட்டாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. ஊசியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நின்னது யாரு?" என்றாள்.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் அவர் திரும்பி வந்தார். ஓய்வு பெற்றுக் கணியம்பாடிப் பக்கம் தம்பி வீட்டில் இருந்தவருக்கு வயிற்றில் புற்று. முற்றிப்போயிருந்தது. வேலூருக்கு அழைத்துப் போகிறோம் என்றதற்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில், வார்டின் கடைசி அறையில் படுத்தார். வலி வந்தால் நர்ஸே பார்த்து ஊசி போடலாம் என்று டாக்டர் எழுதி வைத்திருந்தார். அந்த வழக்கமும் அவர் போட்ட பாதையில் வந்ததுதான். அங்கே இருந்த சின்னப் பெண்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் கடைசி அறைப் பாட்டி.

அக்கா அப்போது அந்த வார்டுக்கே பொறுப்பு. சில நாள் மற்ற நர்ஸுகளையே அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கடைசி அறையிலிருந்து முனகல் கேட்டது. அக்கா ஊசியை ஏற்றி ட்ரேயில் வைத்துக்கொண்டு போனாள்.

கதவு திறந்திருந்தது. அவள் உள்ளே போகவில்லை. நின்று, தட்டினாளாம். ஏன் தட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

உள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே, "திறந்துதானே இருக்கு லில்லி" என்று குரல் வந்தது.

போய்க் கட்டிலருகே நின்றாள். கடைசியில், நர்ஸுகள் எந்த நோயாளியிடமும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"போடட்டுமா மேடம்?"

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். அக்காவின் கையில் இருந்த ட்ரேயைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டு நிக்காதேம்மா" என்றார். "நான் கேட்டுக்கிட்டு நின்னது போதும். போடு."

அக்கா போட்டாள். மருந்து வேலை செய்து அவர் முகம் தளர்கிற வரைக்கும், அன்றைக்குப் பிடித்து வாக்குக் கொடுத்த அவர் கையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வார்டுக்கு யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து வரும்போது கதவைச் சாத்தாமல் வந்தாள்.